குழந்தைகள் புத்தகத்தைத் திருத்தலாமா? சண்டை புதிது, பழக்கம் பழையது

2023 பிப்ரவரியில் வந்த ஒரு செய்தி பலரைக் குழப்பியது. ரோல்ட் டால் என்ற ஆங்கில எழுத்தாளரின் குழந்தை நாவல்களைப் புதிதாக அச்சிட்ட பஃபின் பதிப்பகம், அவற்றில் நூற்றுக்கணக்கான இடங்களில் சொற்களை மாற்றியிருந்தது. சாக்லேட் தொழிற்சாலைக் கதையில் வரும் அகஸ்டஸ் குளூப் என்ற பையன் அதுவரை 'குண்டு'. புதிய பதிப்பில் 'பிரம்மாண்டமானவன்' ஆகிவிட்டான். எழுதியவர் 1990லேயே இறந்துவிட்டார், அவரைக் கேட்க வழியில்லை. சல்மான் ருஷ்டி உட்படப் பலர் கொதித்தார்கள். ஒரே வாரத்தில் பதிப்பகம் இறங்கிவந்து, பழைய வாசகத்தையும் தனி வரிசையாக விற்கிறோம் என்றது.

இது தணிக்கை, எழுத்தாளருக்குச் செய்யும் துரோகம் என்பது ஒரு கட்சி. குழந்தை மனம் புண்படக்கூடாது, காலத்துக்கு ஏற்ப மாற்றினால் என்ன என்பது இன்னொரு கட்சி. கவனித்தால் இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருப்பது தெரியும்: குழந்தைகள் புத்தகங்கள் இதுவரை யார் கையும் படாமல் இருந்தன, இப்போதுதான் முதல்முறையாக ஒருவர் கை வைத்திருக்கிறார் என்பது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. குழந்தை இலக்கியம் பிறந்த நாளிலிருந்தே அதை யாராவது வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும்தான் இருக்கிறார்கள். அது ஏன் என்று புரிய அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

முதலில், எது குழந்தை இலக்கியம்?

குழந்தை வருகிற எழுத்தெல்லாம் குழந்தை இலக்கியம் ஆகிவிடாது. தமிழிலேயே கைக்கெட்டும் உதாரணம் இருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியம் காப்பு, செங்கீரை, தாலம் என்று பத்துப் பருவங்களாக ஒரு குழந்தையைக் கொஞ்சுகிறது. ஆனால் அது புலவர் பெரியவர்களுக்காகப் பாடியது, எந்தக் குழந்தையும் அதைப் படித்து மகிழும் என்று எதிர்பார்த்துப் பாடியதல்ல. ஆத்திசூடி அதற்கு நேர் எதிர். அதில் குழந்தையே வராது. ஆனால் ஓரடியில் ஒரு கட்டளை, அகர வரிசையில் அடுத்தடுத்து என்று குழந்தையின் வாய்க்கும் நினைவுக்கும் அளவெடுத்துத் தைத்தது.

ஆக, மூன்று வகையைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

1. குழந்தையைப் பற்றிப் பெரியவர்களுக்கு எழுதியது.

2. குழந்தைக்கென்றே எழுதியது. பெயருக்கு உரிய சொந்தக்காரர் இதுதான்.

3. பெரியவர்களுக்கு எழுதி, குழந்தைகள் பிடுங்கிக்கொண்டது. 1719இல் வந்த ராபின்சன் குரூசோ, 1726இல் வந்த கலிவரின் பயணங்கள் எல்லாம் இந்த வகை. பிடுங்கிக்கொண்டது குழந்தை என்றாலும், கத்தரிக்கோலோடு பின்னாலேயே வந்தவர்கள் பெரியவர்கள். கலிவர் நான்கு பயணங்கள் போகிறார், குழந்தைகள் பதிப்பில் பெரும்பாலும் குள்ளர் நாடும் மிஞ்சினால் ராட்சதர் நாடும்தான் இருக்கும். குள்ளர் நாட்டு அரண்மனையில் தீப்பிடித்தபோது கலிவர் அதன்மேல் சிறுநீர் கழித்து அணைக்கிறார். பள்ளிப் பதிப்புகளில் அந்தத் தீ எப்படி அணைந்தது என்று தேடிப் பாருங்கள், பல பதிப்புகளில் தீயே பிடித்திருக்காது.

நான்காவதாக நிர்வாக வசதிக்கு ஒரு வரையறை உண்டு: கடைக்காரர் குழந்தைகள் அலமாரியில் எதை வைக்கிறாரோ அது. வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் நடைமுறையில் இதுதான் வலுவானது. ஹாரி பாட்டர் கதைகள் நியூயார்க் டைம்ஸ் இதழின் அதிக விற்பனைப் பட்டியலில் மேலிடங்களைப் பிடித்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்தபோது, 2000 ஜூலையில் அந்த இதழ் குழந்தைகள் நூல்களுக்கென்று தனிப்பட்டியல் ஒன்றைத் தொடங்கி அவற்றை அங்கே மாற்றியது. கதையில் ஒரு எழுத்தும் மாறவில்லை, அலமாரிதான் மாறியது.

வாங்குவது ஒருவர், படிப்பது இன்னொருவர்

கட்டுரையின் மையம் இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைவிடுவது. வேறெந்த இலக்கிய வகையிலும் இல்லாத ஒரு கோணல் இங்கே இருக்கிறது. எழுதுவது பெரியவர், அச்சிடுவது பெரியவர், விமர்சிப்பதும் பரிசு கொடுப்பதும் பெரியவர்கள், நூலகத்துக்கு எடுப்பதும் காசு கொடுத்து வாங்குவதும் பெரியவர்கள். படிக்கிற ஆளுக்கு மட்டும் வாக்குச்சீட்டு கிடையாது. மருந்துப் புட்டி மாதிரி, தேர்ந்தெடுப்பவர் ஒருவர், விழுங்குபவர் வேறொருவர்.

அதனால் குழந்தைப் புத்தகம் ஒவ்வொன்றும் இரண்டு பேரைத் திருப்திப்படுத்தியாக வேண்டும். வாங்குபவருக்கு 'இது பிள்ளைக்கு நல்லது' என்று தோன்ற வேண்டும், படிப்பவருக்கு 'அடுத்த பக்கம் என்ன' என்று தோன்ற வேண்டும். இரண்டுக்கும் இடையில் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுக் கதை. எது நல்லது என்ற பெரியவர்களின் எண்ணம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், மாறும்போதெல்லாம் புத்தகமும் மாறும்.

அச்சுக்கு முன்னும் அச்சின் தொடக்கத்திலும்

வாய்வழிக் கதைகள் குழந்தைகளுக்கென்று தனியாகச் சொல்லப்பட்டவை அல்ல. வேலை முடிந்து உட்கார்ந்த கூட்டத்தில் குழந்தைகளும் இருந்தார்கள், அவ்வளவுதான். பஞ்சதந்திரத்தை இன்று குழந்தைகள் அலமாரியில்தான் தேடுகிறோம், ஆனால் அதன் சட்டகக் கதையைப் பாருங்கள்: படிப்பில் மந்தமான மூன்று இளவரசர்களை ஆறே மாதத்தில் அரசியல் கற்றவர்களாக ஆக்குகிறேன் என்று விஷ்ணுசர்மர் அரசனிடம் வாக்குக் கொடுக்கிறார். யாரை நம்பலாம், யாரைப் பிரித்தாளலாம், எப்போது பொய் சொல்லலாம் என்பதே பாடத்திட்டம். ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பகலவி மொழிக்கும், எட்டாம் நூற்றாண்டில் இபின் அல்முகஃபா கையால் அரபிக்கும் அது போனதும் ஆட்சியாளர்களுக்கான நூலாகத்தான். தந்திரம் உதிர்ந்து நரியும் சிங்கமும் மட்டும் தங்கியது பிற்பாடு.

ஐரோப்பாவில் குழந்தைகளுக்கென்று முதலில் கிடைத்தது பாடப்பலகை. கைப்பிடி வைத்த சிறு பலகை, அதில் எழுத்துகளும் ஒரு பிரார்த்தனையும் கொண்ட ஒற்றைத் தாள், தாள் அழுக்காகாமல் இருக்க மேலே கண்ணாடி போல மெலிதாக்கிய மாட்டுக்கொம்புத் தகடு.

பெரிய பாய்ச்சல் 1658இல் நியூரம்பெர்க் நகரில் நடந்தது. கொமேனியஸ் என்ற கல்வியாளர் லத்தீனும் ஜெர்மனும் பக்கத்துப் பக்கமாக, ஒவ்வொரு பாடத்துக்கும் மரச்செதுக்குப் படத்தோடு ஒரு நூலை வெளியிட்டார். படத்தில் உள்ள பொருளுக்கு எண், அதே எண் சொல்லுக்கும் பக்கத்தில். இன்றைய படவிளக்கப் புத்தகம் எல்லாவற்றுக்கும் தாத்தா. அதன் முதல் பக்கங்களில் எழுத்துகளை அவர் அறிமுகப்படுத்தும் விதம் அழகு: காகம் 'ஆ ஆ' என்று கரைகிறது, ஆட்டுக்குட்டி 'பே ஏ ஏ' என்று கத்துகிறது, சிள்வண்டு 'சீ சீ' என்கிறது. எழுத்தின் பெயரைச் சொல்லித் திணிக்காமல், குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தத்திலிருந்து எழுத்துக்குப் போகிறார். ஆனாலும் அது பாடநூல்தான். கதை கிடையாது.

1693இல் ஜான் லாக் என்ற தத்துவவாதி, குழந்தை விளையாட்டாகப் படித்தால்தான் படிப்பு ஒட்டும், படம் போட்ட ஈசாப் கதைகளைக் கொடுங்கள் என்று எழுதினார். சரி, அதற்கு மேல் என்ன கொடுப்பது என்றால், சிபாரிசு செய்ய அவரிடமே பட்டியல் நீளவில்லை. சந்தையில் அவ்வளவுதான் இருந்தது.

ஆறு பென்ஸ் புத்தகமும் காய்ச்சல் மருந்தும்

அந்த வெற்றிடத்தில் புகுந்தவர் ஜான் நியூபெரி. லண்டனில் 1744இல் கைக்கடக்கமான, அட்டை கவர்ச்சியான ஒரு சிறு புத்தகத்தை ஆறு பென்ஸுக்கு விற்றார். கூட இரண்டு பென்ஸ் கொடுத்தால் ஆண்பிள்ளைக்கு ஒரு பந்து, பெண்பிள்ளைக்கு ஒரு குண்டூசி மெத்தை. இரண்டுக்கும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நல்லது செய்தால் சிவப்பில் ஒரு ஊசி குத்த வேண்டும், கெட்டது செய்தால் கறுப்பில். பத்து ஊசியும் சிவப்புக்கு வந்தால் ஒரு பென்னி பரிசு, பத்தும் கறுப்புக்குப் போனால் அனுப்பிவைக்கப்படுவது பிரம்பு.

புத்தகத்தோடு பொம்மை இலவசம் என்ற வியாபாரத் தந்திரம் இப்போது வந்தது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு செய்தி. இந்த ஒரே பொருளில் வாங்குபவர், படிப்பவர் இருவரும் கச்சிதமாகப் பிடிபடுகிறார்கள்: பந்து குழந்தைக்கு, ஊசிக் கணக்கு பெற்றோருக்கு.

நியூபெரிக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. டாக்டர் ஜேம்ஸ் காய்ச்சல் பொடி என்ற மருந்தை விற்றார். 1765இல் அவர் வெளியிட்ட ஒரு அனாதைச் சிறுமியின் கதையில் சிறுமியின் அப்பா இறந்துபோகிறார். ஏன் இறந்தார்? டாக்டர் ஜேம்ஸ் பொடி கிடைக்காத ஊரில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்துவிட்டதாம்! குழந்தை இலக்கியத்தின் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறார்கள். 1922 முதல் அமெரிக்க நூலகச் சங்கம் கொடுத்துவரும் புகழ்பெற்ற விருதும் இவர் பெயரில்தான் இருக்கிறது. குழந்தை இலக்கியம் பரிசுத்தமான இடத்தில் பிறந்து பிறகு வியாபாரிகள் கைக்குப் போனது என்று யாராவது சொன்னால் அந்தப் பொடியை நினைத்துக்கொள்ளலாம்.

நீதியா, குதூகலமா?

அடுத்த நூறாண்டு முழுக்க ஒரே வழக்குதான். தத்துவவாதி ரூசோ 1762இல், பன்னிரண்டு வயதுவரை பிள்ளைக்குப் புத்தகமே வேண்டாம், பிறகும் முதலில் ராபின்சன் குரூசோ ஒன்று போதும் என்றார். இங்கிலாந்தில் சாரா டிரிம்மர் என்ற அம்மையார் 1802 முதல் 1806 வரை ஒரு இதழ் நடத்தி, குழந்தைப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து மதிப்பெண் போட்டார். சிண்ட்ரெல்லா போன்ற தேவதைக் கதைகள் பொறாமையையும் வீண் ஆசையையும் வளர்க்கும் என்பது அவர் கட்சி. இன்றைய சண்டையில் இரு பக்கமும் பேசுகிறவர்கள் அந்த இதழை ஒருமுறை புரட்டினால் தங்கள் குரலையே அதில் கேட்பார்கள்.

ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹோஃப்மன் என்ற மருத்துவர் 1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கப் போனார். எல்லாமே உபதேசமாக இருந்ததில் வெறுத்துப்போய் ஒரு வெற்று நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி, தானே எழுதி வரைந்தார். உபதேசத்திலிருந்து தப்பியது என்றா நினைக்கிறீர்கள்? தீக்குச்சியோடு விளையாடிய பெண் எரிந்து சாம்பலாகிறாள், விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்களைத் தையல்காரர் பெரிய கத்தரியால் வெட்டுகிறார், சூப் வேண்டாம் என்ற பையன் ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். அடுத்த ஆண்டு அச்சில் வந்து சக்கைப்போடு போட்டது. மிகைப்படுத்தி மிரட்டியதாலேயே குழந்தைகள் சிரித்தார்கள் என்று ஒரு வாசிப்பு உண்டு, எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

உபதேசத்தின் முதுகில் பலமாக அடி விழுந்தது 1865இல், அற்புத உலகத்துக்குப் போன ஆலிஸ் என்ற சிறுமியின் கதை வந்தபோது. ஐசக் வாட்ஸ் என்பவர் 1715இல் எழுதிய ஒரு பாட்டு, சுறுசுறுப்பான தேனீயைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்வது, தலைமுறை தலைமுறையாக ஆங்கிலக் குழந்தைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தது. ஆலிஸ் அதைச் சொல்ல வாயைத் திறந்தால் தேனீ வரவில்லை, சிரித்துக்கொண்டே மீன்களை வாய்க்குள் வரவேற்கும் முதலை வந்துவிடுகிறது. படித்த குழந்தைகளுக்கு மூலப் பாட்டு மனப்பாடம் என்பதால் நகைச்சுவை உடனே பிடிபட்டது. இன்று நிலைமை தலைகீழ், முதலையைத் தெரிந்தவர்களுக்குத் தேனீயைத் தெரியாது.

'மூலம்' என்று நாம் நினைப்பது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். பழையதை அப்படியே விடுங்கள் என்று சொல்லும்போது எந்தப் பழையதை என்ற கேள்வி எழும்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் கதைத் தொகுப்பின் முதல் பாகத்தை 1812இலும் இரண்டாம் பாகத்தை 1815இலும் வெளியிட்டார்கள். தலைப்பில் குழந்தைகள் என்ற சொல் இருந்தாலும், அது நாட்டுப்புற வழக்காற்றைக் காப்பாற்ற நினைத்த அறிஞர்களின் வேலை. படம் கிடையாது, பின்னால் ஆய்வுக் குறிப்புகள். வாங்கிய பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள். 1857 வரை மொத்தம் ஏழு பெரிய பதிப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும், முக்கியமாக இளையவர் வில்ஹெல்ம், கதைகளைச் செதுக்கிக்கொண்டே வந்தார். சில உதாரணங்கள்:

1. ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல ஆள் அனுப்புவது 1812இல் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஹான்சல், கிரெட்டலைக் காட்டில் விட்டுவரச் சொன்னவளும் பெற்றவள்தான், 1840இல்தான் மாற்றாந்தாய் ஆனாள். பெற்ற தாய் அப்படிச் செய்வாள் என்று குழந்தைக்குச் சொல்லக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கூருணர்வு. கெட்ட மாற்றாந்தாய் தொன்றுதொட்டு வரும் பாத்திரம்தான், ஆனால் இந்த இரண்டு கதைகளில் அவள் பதிப்பாசிரியரின் பேனாவிலிருந்து வந்தவள்.

2. கோபுரத்தில் அடைபட்ட ராபன்சல், 1812இல் தன்னை அடைத்து வைத்தவளிடம் அப்பாவியாக, 'என் துணியெல்லாம் ஏன் இறுக்கமாகிவிட்டது?' என்று கேட்டு மாட்டிக்கொள்கிறாள். கர்ப்பம். பின்னால் வந்த பதிப்புகளில் கேள்வியே மாறிவிட்டது: 'இளவரசரைவிட நீங்கள் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறீர்கள்?' குழந்தைக்குக் கர்ப்பம் தெரியக்கூடாது, ராபன்சல் அசடு வழியலாம்.

3. பன்றி வெட்டுவதைப் பார்த்த பிள்ளைகள் அதையே விளையாடப்போய் ஒரு பிள்ளை செத்துப்போகும் கதை 1812இல் இருந்தது, 1819இல் காணாமல் போனது.

4. இதுதான் விசித்திரம். வன்முறை குறைந்துகொண்டே வரவில்லை. சிண்ட்ரெல்லாவின் அக்காக்களின் கண்களைப் புறாக்கள் கொத்துவது 1812இல் கிடையாது, 1819இல் சேர்த்தது. உடல் உறவின் சாயல் போனது, கெட்டவர்களுக்குத் தண்டனை கூடியது. எது குழந்தைக்கு ஆகாது என்பதில் அவர்கள் பட்டியலும் நம் பட்டியலும் வேறு.

1823இல் ஆங்கிலத்தில் எட்கர் டெய்லரின் மொழிபெயர்ப்பு படங்களோடு வந்து நன்றாக விற்றது. அதைப் பார்த்து சகோதரர்களே 1825இல் ஐம்பது கதைகளைப் பொறுக்கிப் படத்தோடு சிறு பதிப்பு போட்டார்கள். கிரிம் கதைகள் வீட்டுக்கு வீடு போனது இதற்குப் பிறகுதான். சிவப்புத் தொப்பிப் பெண்ணின் கதையில் வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவதும் கிரிம் சொன்னதில்தான். 1697இல் பிரான்சில் பெரோ எழுதியதில் ஓநாய் சாப்பிட்டுவிடுகிறது, கதை முடிந்தது, ஒரு நீதிப் பாட்டு, அவ்வளவுதான்.

பினோக்கியோ இதைவிட நல்ல சாட்சி. 1881 ஜூலையில் இத்தாலியக் குழந்தைகள் வார இதழ் ஒன்றில் கொல்லோடி தொடராக எழுத ஆரம்பித்து, பதினைந்தாம் அத்தியாயத்தில் மரப்பொம்மையை ஓக் மரத்தில் தூக்கிலிட்டுக் கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை, இதழாசிரியர்களும் விடவில்லை. அடுத்த ஆண்டு நீலக் கூந்தல் தேவதை பொம்மையை மரத்திலிருந்து இறக்கி உயிர்கொடுக்க, கதை இன்னும் இருபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடி 1883இல் புத்தகமானது. பினோக்கியோ மனிதப் பையனாகும் முடிவு எழுத்தாளரின் முதல் திட்டத்தில் இல்லவே இல்லை. குழந்தைகளின் வாக்கு எண்ணப்பட்ட அபூர்வமான தேர்தல் அது.

மலிவுத் தாளும் நூலகரின் முத்திரையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூன்று விஷயங்கள் சேர்ந்து நடந்தன. தாள் மலிந்தது, வண்ண அச்சு கைக்கு வந்தது, பள்ளி பரவியது (இங்கிலாந்தில் 1870 கல்விச் சட்டம்). படிக்கத் தெரிந்த குழந்தைகள் திடீரென்று லட்சக்கணக்கில் வந்துவிட்டார்கள். பீட்டர் முயல் கதையைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியதால் பீட்ரிக்ஸ் பாட்டர் 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதி அடித்தார். சிறு கைக்கு அடங்கும் சிறு புத்தகமாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1902இல் முறையான பதிப்பு வந்தது, அடுத்த ஆண்டே முயல் பொம்மைக்கு வடிவுரிமையும் பதிவு செய்துவிட்டார். நியூபெரியின் பந்து ஞாபகம் வருகிறதா?

இருபதாம் நூற்றாண்டில் வாயிற்காவலர் பதவிக்குப் புது ஆள் வந்தார்: குழந்தைகள் நூலகர். நியூயார்க் பொது நூலகத்தில் 1906 முதல் 1941 வரை குழந்தைகள் பிரிவை நடத்திய ஆன் கரோல் மூர், வேண்டாம் என்று சொன்னால் அந்தப் புத்தகம் நாடு முழுக்க அடிபடும் என்ற நிலை இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் அவர் சொல்லுக்கு அங்கே மதிப்பு குறையவில்லை. 1947இல் வந்த குட்நைட் மூன், அறையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் நல்லிரவு சொல்லிக்கொண்டே போகும் படப்புத்தகம், அவர் ரசனைக்கு ஒத்துவரவில்லை. அந்த நூலகம் அதை வாங்கி வைத்தது 1972இல். அதற்குள் கால் நூற்றாண்டுக் குழந்தைகள் அதைக் கேட்டுத் தூங்கிவிட்டார்கள். நூலகரைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழிகள் வந்திருந்ததுதான் காரணம். 1942இல் தொடங்கிய லிட்டில் கோல்டன் வரிசை மளிகை வாங்கும் இடத்திலேயே 25 சென்ட்டுக்குக் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பள்ளிப் புத்தகங்கள் சலிப்பாக இருப்பதால்தான் குழந்தைகள் படிப்பதில்லை என்ற புகார் ஐம்பதுகளில் எழுந்தபோது, தொப்பி போட்ட பூனையின் கதை 1957இல் வந்தது. தொடக்க வாசகனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சொற்பட்டியலிலிருந்து பொறுக்கிய 236 வெவ்வேறு சொற்கள் மட்டுமே மொத்தப் புத்தகத்திலும். கட்டுப்பாடு எழுத்தாளரைக் கெடுக்கும் என்பவர்களுக்கு அது நல்ல மறுப்பு.

அப்புறம் 1965இல் நான்சி லாரிக் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு கணக்கெடுத்தார். 63 அமெரிக்கப் பதிப்பகங்கள் 1962 முதல் 1964 வரை வெளியிட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களில் ஒரு கறுப்பின மனிதராவது தென்படுபவை 349. நூற்றுக்கு 6.7. கதையில் என்ன இருக்கிறது என்று மட்டும் அதுவரை கேட்டவர்கள், கதையில் யார் இல்லை என்றும் கேட்க ஆரம்பித்தது இதிலிருந்துதான். இன்றைய திருத்தங்கள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது.

சரி, இன்று என்னென்ன விதமாகத் திருத்துகிறார்கள்?

'திருத்தம்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பதுதான் குழப்பத்துக்குப் பாதிக் காரணம்.

1. ஆசிரியரே மாற்றுவது. சாக்லேட் தொழிற்சாலைக் கதை 1964இல் வந்தபோது அங்கே வேலை செய்யும் ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குள்ளர்கள். கடும் கண்டனம் வந்தது, டால் தன் கையாலேயே 1973 பதிப்பில் அவர்களை மாற்றி எழுதினார். 2023இல் 'மூல வாசகம்' என்று பலர் காக்கப் புறப்பட்டது, ஒருமுறை திருத்திய வாசகம்.

2. உரிமையாளர் மாற்றுவது. ஸ்வீடனில் வந்த, பிப்பி என்ற சிறுமியின் கதையில் அவள் அப்பாவைக் குறித்த இனவசைச் சொல்லை 2015இல் 'தென்கடல் அரசர்' என்று மாற்றினார்கள். ஜெர்மன் மொழிபெயர்ப்பு அதை 2009லேயே செய்துவிட்டது.

3. மொழியை மட்டும் புதுப்பிப்பது. ஈனிட் பிளைட்டனின் ஐவர் குழுக் கதைகளின் பழைய பேச்சுவழக்கை 2010இல் நவீனமாக்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை, 2016இல் பழையதற்கே திரும்பிவிட்டார்கள்.

4. அச்சை நிறுத்துவது. தொப்பி போட்ட பூனையின் கதையை எழுதிய டாக்டர் சூஸ் நூல்களின் உரிமை நிறுவனம் 2021 மார்ச்சில் ஆறு புத்தகங்களை இனி வெளியிடுவதில்லை என்று அறிவித்தது. சொல்லை மாற்றவில்லை, புத்தகத்தையே எடுத்துவிட்டது.

இவற்றில் எது பிரச்சினை, எது இல்லை என்று பிரிக்க உதவுவது ரசனையைவிடப் பதிப்புரிமைச் சட்டம்தான் என்பது என் கருத்து. ஆலிஸ், கிரிம், பினோக்கியோ எல்லாம் உரிமைக்காலம் முடிந்து பொதுச்சொத்து ஆனவை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் பழையதை அப்படியே அச்சிடலாம். ஆயிரம் தழுவல் வந்தாலும் 1812 கிரிம் அழியாது. பிரிட்டனில் உரிமைக்காலம் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு, டாலின் கதைகள் 2060 முடியும்வரை அதில் இருக்கும். அதுவரை எந்த வாசகம் கடைக்கு வரும் என்று முடிவுசெய்வது ஒரே உரிமையாளர் (2021 முதல் அது நெட்ஃபிளிக்ஸ்). இந்தியாவில் 60 ஆண்டு, ஆனால் தர்க்கம் ஒன்றே.

ஆகவே திருத்தினார்களா என்பதைவிட இரண்டு கேள்விகள் பயனுள்ளவை. பழைய பதிப்பு தொடர்ந்து கிடைக்கிறதா? திருத்தியது என்று கண்ணில் படும்படி போட்டிருக்கிறதா? டால் விவகாரத்தில், மொழியை அவ்வப்போது பரிசீலிக்கிறோம் என்ற குறிப்பு இருந்தது, ஆனால் யாரும் படிக்காத உரிமைப் பக்கத்தில் சின்ன எழுத்தில். அச்சுப் புத்தகம் என்றால் பழைய பிரதி அலமாரியிலாவது தங்கும். மின்நூல் அப்படியல்ல, விற்றவர் நினைத்தால் வாங்கியவரின் கருவிக்குள்ளேயே வாசகத்தை மாற்றிவிட முடியும்.

நான்கு வழிகளோடு நிறுத்த முடியாது, ஐந்தாவது ஒன்று உண்டு. அதற்கு நல்ல உதாரணம் தமிழில்தான் இருக்கிறது. ஔவையின் ஆத்திசூடியில் 'தையல் சொல் கேளேல்' என்று ஒரு வரி வரும் (தையல் என்றால் பெண்). உரைகாரர்கள் அதற்குப் பலவிதமாகச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பாரதிக்கு அந்த வரி உடன்பாடாக இருந்திருக்க வழியில்லை. அவர் ஔவையின் வரியைத் திருத்தப் போகவில்லை, அதே அகர வரிசையில், அதே ஓரடிக் கட்டளை வடிவில் புதிய ஆத்திசூடி ஒன்றை எழுதினார். 'அறம் செய விரும்பு' இருந்த இடத்தில் 'அச்சம் தவிர்' வந்தது, தகர வரிசையில் 'தையலை உயர்வு செய்' வந்தது. இரண்டு ஆத்திசூடியும் இன்று ஒரே கடையில் கிடைக்கின்றன.